கணித மேதை இராமானுஜன்: ஒரு வட்டமும் ஒரு சதுரமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறோம். அன்று எந்தக் கல்லூரி மேடையிலும் 1729 என்ற வாடகைக் கார் எண்ணின் கதையை யாரேனும் ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்தக் கதையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அம்மேதை 1913ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரே ஒரு படத்தையும், அப்படத்திலுள்ள புள்ளிகளுக்கு அவர் பெயரிட்ட முறையையும் முன்வைத்து அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முயல்கிறேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

சென்ற ஆண்டு நடந்த ஓர் உள்தேர்வில் வடிவகணிதக் கேள்வி ஒன்றுக்கு விடையெழுதினேன். படத்தை அளவு பிசகாமல் வரைந்திருந்தேன். விடையும் சரியென்றே நம்பியிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது பத்துக்கு இரண்டு மதிப்பெண்ணே கிடைத்திருந்தது. கோணம் ஆஅஇ என்று எழுத வேண்டிய இடத்தில் கோணம் அஆஇ என்று எழுதியிருந்தேன். கோணத்துக்குப் பெயர் சொல்லும்போது நடுவில் நிற்கும் எழுத்தே அதன் உச்சி என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதை நான் மாற்றி எழுதியதால் அடுத்த வரியில் வேறொரு பக்கத்தை எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வரியில் ஒத்த முக்கோணங்களின் எழுத்து வரிசை தவறியது. இப்படி ஓர் எழுத்தில் தொடங்கிய பிழை கடைசி வரி வரை வந்து, அத்தேர்விலேயே நான் தவறினேன்.

படம் கண்ணெதிரே சரியாக இருக்கும்போது, வெறும் எழுத்துக்காகவா இத்தனை தண்டனை என்று எனக்குச் சினம் வந்தது. என் தந்தை கொத்தனார், தாய் சித்தாள். மேலூர்ச் சாலையில் புதிதாக எழும் வீடுகளில்தான் அவர்களுக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தேர்வில் தவறியதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போய் அப்படியே நின்றுவிடலாமா என்றுகூட எண்ணினேன். அந்த நாள்களில்தான் நூலகத்தில் இராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைத் தொகுதியைப் புரட்ட நேர்ந்தது. அதில் பெரும்பாலான பக்கங்கள் எனக்கு விளங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் விளங்கியது. அதுதான் வட்டத்தைச் சதுரமாக்கும் படம்.

இளமைப் பருவம்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். குடும்பத்தில் பண வசதி இல்லை. ஆயினும் பிள்ளையின் படிப்பில் குறை வைக்கவில்லை.

1897ஆம் ஆண்டு தொடக்கப் பள்ளித் தேர்வில் இராமானுஜன் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் பெற்றார். அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். லோனி எழுதிய திரிகோணமிதி நூலைப் பதின்மூன்று வயதளவில் கற்று முடித்தார். சைன், கோசைன் சார்புகளைப் பற்றிய ஓர் அரிய உண்மையைத் தாமே கண்டுபிடித்து மகிழ்ந்தார். அதை ஆய்லர் என்ற அறிஞர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவிட்டார் என்பது தெரிந்ததும், வெட்கமடைந்து அத்தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தாராம். தாமே கண்டதை உலகம் முன்னரே கண்டிருக்கிறது என்றால், அப்பிள்ளையின் அறிவு எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம். அவருக்கோ அது ஏமாற்றமாகவே இருந்தது.

1903ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை வரிசை எண்ணிட்டு அடுக்கி வைத்த நூல் அது. தேர்வுக்குப் படிப்போர் நினைவூட்டிக்கொள்ளத் தொகுத்தது. ஆதலால் பெரும்பாலான இடங்களில் விளக்கம் மிகக் குறைவு. முடிவு மட்டுமே இருக்கும். அந்நூலே இராமானுஜனுக்கு ஆசானாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். அவ்வாறு நிறுவும்போது புதிய முடிவுகளையும் கண்டார். காகிதம் வாங்கக் காசில்லை. ஆகவே சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். வழி அழிந்துபோகும், முடிவு மட்டும் நிற்கும். இப்பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெரும் இடரைத் தந்தது.

தோல்விகள்

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தது. கணிதத்துக்காக ரங்கநாத ராவ் பரிசு பெற்றார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அக்கல்லூரியும் நம்முடைய கல்லூரியைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியே. அங்கே கணிதம் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோயிற்று. 1905ஆம் ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

1906ஆம் ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. தேர்வில் அவ்வாண்டும் தவறினார். மறு ஆண்டும் தவறினார். அத்துடன் அவர் கல்லூரி வாழ்க்கை முடிந்தது. பட்டம் இல்லை; வேலையும் இல்லை. 1909ஆம் ஆண்டு ஜானகி என்ற சிறுமியுடன் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு தலையில் ஏறியதும், குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

இந்திய கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவராகிய இராமசுவாமி ஐயர் அப்போது துணை ஆட்சியராக இருந்தார். இராமானுஜன் அவரிடம் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேட்டைப் பார்த்த அவர், இத்தகைய ஒருவரை வருவாய்த் துறையில் கடைநிலை வேலையில் அமர்த்தி வீணாக்க மனமின்றிச் சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911ஆம் ஆண்டு கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார்.

சமக்குறி தந்த இடர்

அவ்வாண்டு இறுதியில் இராமானுஜனின் முடிவுகள் சில இலண்டனிலுள்ள பேராசிரியர் ஹில்லின் பார்வைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று, 1, 2, 3 என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால் வருவது கழித்தல் பன்னிரண்டில் ஒன்று என்பது. சிறு பிள்ளையும் சிரிக்கக்கூடிய முடிவு அல்லவா! விரியும் தொடர்களைக் கையாளத் தெரியாமல் இவர் குழியில் விழுந்துவிட்டார் என்று அப்பேராசிரியர் கருதினார்.

உண்மையில் இராமானுஜன் குழியில் விழவில்லை. அத்தகைய தொடர் ஒவ்வொன்றுக்கும் மாறிலி ஒன்று உண்டு என்று அவர் தமக்குள் வரையறுத்துக்கொண்டார். அந்த மாறிலியைத்தான் சமக்குறிக்கு வலப்பக்கத்தில் எழுதினார். ஆய்லரும் ரீமனும் வேறு வழியில் கண்ட மதிப்பும் அதுவே. ஆனால் அவர் இட்ட சமக்குறிக்கு நாம் அன்றாடம் வழங்கும் பொருள் அன்று. அதைப் படிப்பவருக்குச் சொல்லாமல் விட்டார். சொல்லாததால், சரியான முடிவு பிழையெனத் தள்ளப்பட்டது. கோண எழுத்தை மாற்றி எழுதிய எனக்கு இது உறைத்தது. நான் செய்தது பிழை. அவர் செய்ததோ விளக்கக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும், எழுதுபவன் மனத்திலுள்ள படம் படிப்பவர் மனத்துக்குக் குறியீடு என்ற ஒரே பாலத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சியிலிருந்து கற்றுக்கொண்டேன்.

வட்டமும் சதுரமும்

வட்டம் ஒன்று கொடுத்தால், அதே பரப்புள்ள சதுரத்தை அளவுகோலில் எண்கள் இல்லாமல், நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய வேண்டும். இது மிகப் பழைய புதிர். நம் நாட்டுச் சுல்ப சூத்திரங்களிலும் இதற்குத் தோராய முறைகள் உண்டு. சுல்பம் என்றால் கயிறு. வேள்வி மேடை கட்டியவர்கள் கயிற்றைக் கொண்டே வட்டத்தைச் சதுரமாகவும் சதுரத்தை வட்டமாகவும் மாற்றப் பார்த்தார்கள். துல்லியமாக இதைச் செய்யவே முடியாது என்பதை 1882ஆம் ஆண்டு ஜெர்மானியராகிய லிண்டெமன் நிறுவினார். ஆகவே, எவ்வளவு நெருங்கி வர முடியும் என்பதே எஞ்சிய கேள்வி.

1913ஆம் ஆண்டு இந்திய கணிதக் கழக இதழில் இராமானுஜன் இதற்கு ஒரு வழி சொன்னார். கட்டுரை ஒரு பக்க அளவே. அதில் அவர் ஆங்கில எழுத்துகளால் புள்ளிகளைப் பெயரிட்டார். நான் தமிழ் எழுத்துகளால் பெயரிட்டு, ஆரத்தை 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெயரை மாற்றலாம், ஆனால் ஒரு புள்ளிக்கு ஒரு பெயர், கடைசி வரை அதே பெயர் என்பது விதி. வாசகர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் வட்டத்தின் மையம் ம. விட்டம் அஆ. அதன் நீளம் 36.

அம என்ற கோட்டுத்துண்டின் நடுப்புள்ளி க. ஆகவே ஆக என்பதன் நீளம் 27.

மஆ என்பதை மூன்று சமபங்காக்கி, ஆ என்ற முனைக்கு அருகிலுள்ள பங்குப் புள்ளியை ச என்க. அச 30, சஆ 6.

ச என்ற புள்ளியில் விட்டத்துக்குச் செங்குத்து எழுப்ப, அது வட்டத்தை ட என்ற புள்ளியில் வெட்டுகிறது. சட என்பதன் வர்க்கம் 30 பெருக்கல் 6, அதாவது 180.

ஆ என்ற முனையிலிருந்து சட நீளமுள்ள நாண் ஒன்று வரைந்து, அதை ஆத என்க. அத என்பதைச் சேர்க்க. அரைவட்டத்தில் அமைந்த கோணம் அதஆ செங்கோணம். ஆகவே அத என்பதன் வர்க்கம் 1296 கழித்தல் 180, அதாவது 1116.

ம, ச ஆகிய புள்ளிகளிலிருந்து ஆத என்ற நாணுக்கு இணையாக இரு கோடுகள் வரைக. அவை அத என்பதை முறையே ப, ந என்ற புள்ளிகளில் வெட்டட்டும். அப என்பது அத என்பதில் பாதி. அதன் வர்க்கம் 279. பந என்பது அத என்பதில் மூன்றில் ஒன்று. அதன் வர்க்கம் 124.

அ என்ற முனையிலிருந்து அப நீளமுள்ள நாண் அர வரைக. கோணம் அரஆ செங்கோணம். ஆகவே ஆர என்பதன் வர்க்கம் 1296 கழித்தல் 279, அதாவது 1017.

அ என்ற முனையில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து, அதில் பந நீளத்துக்கு அல என்று எடுக்க. கோணம் லஅஆ செங்கோணம். ஆகவே ஆல என்பதன் வர்க்கம் 1296 கூட்டல் 124, அதாவது 1420.

ரல என்பதைச் சேர்க்க. ஆர என்ற கோட்டில், ஆக என்பதன் நீளத்துக்குச் சமமாக ஆவ என்று எடுக்க. வ வழியாக ரல என்பதற்கு இணைகோடு வரைந்தால், அது ஆல என்பதை ழ என்ற புள்ளியில் வெட்டும். ஆழ என்பதைப் பக்கமாகக் கொண்ட சதுரமே நாம் தேடும் சதுரம்.

சரிபார்ப்போம். முக்கோணம் ஆவழ, முக்கோணம் ஆரல ஆகிய இரண்டும் வடிவொத்தவை. எழுத்து வரிசையைக் கவனியுங்கள். வ என்பதற்கு ர, ழ என்பதற்கு ல. ஆகவே ஆழ என்பதன் வர்க்கம் 27இன் வர்க்கமாகிய 729ஐ 1420ஆல் பெருக்கி 1017ஆல் வகுத்தால் கிடைக்கும். அது 1017.876. வட்டத்தின் பரப்பும் மூன்று தசம இடங்கள் வரை அதே 1017.876 சதுர அங்குலம்! ஆரத்தின் வர்க்கத்தை 355 கீழ் 113 என்ற பின்னத்தால் பெருக்கியதற்கு இது சமம். பை என்ற எண்ணுக்கு அப்பின்னத்தைச் சீன அறிஞர் சூ சொங்சி ஐந்தாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார். அதை நேர்விளிம்பாலும் கவராயத்தாலும் இத்தனை சுருக்கமாக வரைந்து காட்டியதே இராமானுஜனின் திறம்.

அவர் தரும் உதாரணம் இன்னும் வியப்பூட்டுவது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றால், அதாவது தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் பங்கு என்றால், இம்முறையில் கிடைக்கும் சதுரத்தின் பக்கம் உண்மைப் பக்கத்தைவிட ஓர் அங்குலமே கூடுதலாக இருக்கும். அப்பக்கத்தின் நீளமோ 374 மைல். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிச் செல்லும் தொலைவில் ஓர் அங்குலப் பிழை!

தரையில் வரைந்தோம்

இப்படத்தை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்யும் வீட்டுக்குப் போனேன். சிமெண்டுத் தரை போட்டுக் காய்ந்திருந்த கூடத்தில், நூலும் சாக்பீசும் கொண்டு இருவரும் வரையத் தொடங்கினோம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும், டேப்பில் அளவு பார்க்கவும் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. ஆனால் செங்குத்து எழுப்ப என்னைக் கேட்கவில்லை. மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூலைப் பிடித்துத் தாமே மூலை எடுத்தார். நான் ஏட்டில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்ததை, அவர் இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு அடித்தளத்திலும் செய்து வருகிறார்.

கோடுகள் பெருகப் பெருகத் தரை சிலந்தி வலை போலாயிற்று. எந்தக் கோட்டின் நீளத்தை எடுப்பது என்று அப்பா கேட்டார். அந்தச் சாய்ந்த கோடு, அதற்குக் கீழே உள்ளது என்று நான் கை காட்டினேன். அவர் வேறொன்றை எடுத்தார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தோம். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் எழுத்தைப் பெரிதாக எழுதினேன். அதன்பின் நான் அப என்று சொன்னால் போதும். நூலின் ஒரு முனை அ என்ற இடத்துக்கும் மறுமுனை ப என்ற இடத்துக்கும் போயிற்று. பிழை நேரவில்லை.

முடிவில் ஆழ என்பதை அளந்தார். 31 அங்குலம், 7 நூல், அதற்கு மேல் ஒரு மயிரிழை என்றார். எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற கொத்தனார் கணக்கில் அது 31.9 அங்குலத்துக்குச் சரியாக நெருங்குகிறது. எங்கள் நூலின் தடிமனே இராமானுஜனின் பிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன்.

தேர்வில் தவறியதை அன்று அப்பாவிடம் சொன்னேன். ஓர் எழுத்தை மாற்றி எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது என்று குறையாகத்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பொறியாளர் தரும் பிளானில் தூண்களுக்கு எண் போட்டிருக்கும் அல்லவா, அதில் மூன்றாம் தூணை நான்காம் தூண் என்று பார்த்துக் கம்பி கட்டிவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. குறியீட்டின் அருமையை எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை எனக்கு முன்பே அறிந்திருந்தார்.

கடல் கடந்த பின்

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாளிட்ட கடிதத்தில் இராமானுஜன் தம் தேற்றங்களைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு எழுதினார். முன்னர் வேறு அறிஞர்களுக்கு எழுதியது பயன் தரவில்லை. ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அத்தேற்றங்களை ஆராய்ந்து, இதை எழுதியவர் மாமேதை என்று உணர்ந்தனர். ஆயினும் ஹார்டி திரும்பத் திரும்பக் கேட்டது நிரூபணங்களையே. சிலேட்டில் அழிந்துபோன வழியை அவர் கேட்டார் எனலாம்.

சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டே மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. எப்.ஏ. தேர்வில் தவறியவருக்குப் பல்கலைக்கழகம் இவ்வாறு கதவைத் திறந்தது சிறு செய்தி அன்று. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார். அவ்வாண்டே பை என்ற எண்ணைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை இங்கிலாந்தில் வெளியிட்டார். அதிலும் இன்னும் நுட்பமான ஒரு வடிவகணித வரைவைச் சேர்த்தார். உயர்ந்த கணிதத்தின் நடுவிலும் கோடும் வட்டமும் வரைவதை அவர் கைவிடவில்லை.

1916ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்காகப் பட்டம் வழங்கியது. இரு கல்லூரிகளில் கிடைக்காத பட்டம் அது. 1918ஆம் ஆண்டு இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், குளிரும், தனிமையும், ஓயாத உழைப்பும் உடலைக் கெடுத்தன. 1917 முதலே மருத்துவமனைகளில் காலம் கழிந்தது. 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் புதிய சார்புகளைக் கண்டு, 1920ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகள் 1957ஆம் ஆண்டு மும்பையில் டாடா ஆய்வு நிறுவனத்தால் அவர் கையெழுத்திலேயே படியெடுத்து வெளியிடப்பட்டன. கடைசிக் காலத் தாள்களை 1976ஆம் ஆண்டு ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞர் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்தார். குறிப்பேட்டு முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் நிரூபணம் தேடி, புரூஸ் பெர்ன்ட் என்பவர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முழங்கையால் அழித்த வழியை மீண்டும் கண்டுபிடிக்க அறிஞர்களுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

நாம் கற்க வேண்டுவது

இராமானுஜனும் தேர்வில் தவறினார், நானும் தவறினேன் என்று ஆறுதல் கொள்வது எளிது. நம்மில் பலர் அப்படிச் சொல்லிக்கொள்கிறோம். அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் தவறியது கணிதத்தில் அன்று. நான் தவறியது கணிதத்திலேயே. என்றாலும் அவருடைய அந்த ஒரு பக்கம் எனக்குத் தெளிவாக ஒன்றைச் சொல்லிற்று. நிரூபணம் எழுதாதவர் என்று பேர் வாங்கிய அவரே, வடிவகணிதம் எழுதும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் பெயரிட்டு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி என்று ஐயத்துக்கிடமின்றி எழுதியிருக்கிறார். அதனால்தான் நூறாண்டுக்கு மேலான பின்னும், மதுரைக்கு அருகில் பூசு வேலை முடியாத ஒரு வீட்டின் கூடத்தில், கணிதம் பயிலாத ஒருவரும் அதைப் பிழையின்றி வரைய முடிந்தது.

ஆகவே, முதலாண்டு மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். இரு புறமும் முடிவின்றிச் செல்வது கோடு; ஒரு புறம் மட்டும் செல்வது கதிர்; இரு முனையும் உள்ளது கோட்டுத்துண்டு. முதலாவதற்குத் தலைமேல் இரு அம்பு, இரண்டாவதற்கு ஓர் அம்பு, மூன்றாவதற்கு அம்பில்லாத கோடு. கோணத்தின் உச்சி நடுவெழுத்து. ஒத்த முக்கோணங்களை ஒத்த வரிசையில் எழுதுக. இவை சிறு விதிகள் என்று எண்ணற்க.

மறுதேர்வில் நான் தேறிவிட்டேன். கட்டி முடிந்த அந்த வீட்டின் கூடத்தில் இப்போது ஓடு பதித்துவிட்டார்கள். ஓட்டுக்கு அடியில் எங்கள் வட்டமும் சதுரமும் எழுத்துகளோடு இருக்கின்றன.